சாட்சியில்லாத சூது

ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்திய சட்டத்துக்கு 22-ஆம் தேதி ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்துவிட்டது என்ற செய்தியைப் படித்ததிலிருந்து, அந்தச் சட்டத்தின் வாசகத்தை ஒருமுறை முழுவதும் வாசித்துவிட வேண்டும் என்ற எண்ணம் இருந்துகொண்டே இருந்தது. இன்று காலைக் காப்பிக்குப் பிறகு உட்கார்ந்து வாசித்து முடித்தேன். ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவனுக்கு 2 வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்பதையெல்லாம் பத்திரிகைகள் எழுதிவிட்டன. என் கண் நின்றது வேறோர் இடத்தில். பணயம் எது என்று விளக்க வந்த சட்டம் ரூபாயோடு நின்றுவிடாமல், பணத்துக்கு ஈடாகக் கருதப்படுகிற அல்லது பணமாக மாற்றத்தக்க காசு, டோக்கன், கிரெடிட் முதலான எதுவானாலும், அது மெய்யாகக் கையில் இருப்பதானாலும் கணினிக்குள் மட்டுமே இருப்பதானாலும், என்ன பெயரால் வழங்கப்பட்டாலும் அதுவும் பணயமே என்று சொல்லிவிடுகிறது. கிரிப்டோ நாணயத்தைக் கட்டி ஆடுவது பணம் கட்டி ஆடுவதாகாது என்று இதுகாறும் பிரசாரம் செய்துவந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

எனக்கு இந்த விஷயத்தில் இத்தனை அக்கறை வந்ததற்குக் காரணம் என் தங்கையின் மகன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பவன். சிகரெட் பிடிக்காதவன், சீட்டுக்கட்டைத் தொடாதவன் என்று குடும்பத்தில் நல்ல பெயர் எடுத்தவன். ஆடி முடிவதற்குள் அவனுடைய சம்பளக் கணக்கு முடக்கப்பட்டு, பி.எஃப். பணத்திலும் பெரும்பகுதி கரைந்துபோயிருப்பது வீட்டுக்குத் தெரியவந்தது. பணம் போனது கிரிப்டோ நாணயம் கட்டி இணையத்தில் ஆடும் கிரிப்டோ பிங்கோவில்; அந்தப் பெயரையே என் தங்கை அன்றுதான் கேள்விப்பட்டாள். நான் வங்கியில் காலம் கழித்தவன் ஆகையால், “அண்ணா, நீதான் அவனிடம் பக்குவமாகப் பேசி என்ன ஏது என்று பார்க்கணும்” என்று என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பிள்ளையார் சதுர்த்தி விடுமுறைக்கு மருமான் வந்திருக்கிறான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடியில் இருவரும் உட்கார்ந்தோம். அதட்டுவதற்கு நான் போகவில்லை என்பது அவனுக்குப் புரிந்த பின், தன் போனைத் திறந்து, ஒரு காசும் கட்டாமல், அடுத்தவர்கள் ஆடுகிற ஆட்டத்தை எனக்குக் காட்டினான்.

கருநீலத் திரை. அடுத்தடுத்து மூன்று சீட்டுகள். ஒவ்வொன்றிலும் குறுக்கே ஐந்து, நெடுக்கே ஐந்து கட்டங்கள். நடுக்கட்டத்தில் மட்டும் எண்ணுக்குப் பதில் ஒரு நட்சத்திரம், அது இலவசம். மேலே ஒரு பந்து உருண்டு வருகிறது. ‘என்-41’ என்று காட்டுகிறது. சீட்டில் 41 இருந்தால் அந்தக் கட்டம் தானாகவே நிறம் மாறுகிறது. ஆடுகிறவன் விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. 75 எண்களில் ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சுவிடும் நேரத்துக்கு ஒன்று வீதம் விழுந்துகொண்டே போக, ஒரு வரி நிறைவதற்கு ஒரே எண் பாக்கி என்ற நிலை வந்ததும் அந்தக் கட்டம் துடிக்கத் தொடங்குகிறது. போனும் கையில் அதிர்கிறது. பக்கவாட்டில் யார் யாரோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நிமிஷத்துக்குள் ஆட்டம் முடிந்து, அடுத்த ஆட்டத்துக்கு வினாடிகள் இறங்குமுகமாக ஓட ஆரம்பித்துவிட்டன.

“அந்த ஒரு நம்பர் மாமா, அந்த ஒரு நம்பர்தான் ஒவ்வொரு தடவையும்” என்றான். காசு கட்டாத ஆட்டத்தைப் பார்க்கும்போதே அவன் குரல் மாறியதை நான் கவனித்தேன்.

அவன் சொன்னது பிரமையும் அல்ல. நூற்றுக்கணக்கான சீட்டுகள் கலந்துகொள்ளும் ஓர் ஆட்டத்தில் யாரோ ஒருவருக்கு வரி நிறைகிற சமயத்தில், பல சீட்டுகள் ஓர் எண் குறைவாக நிற்பது இந்த விளையாட்டின் அமைப்பிலேயே உள்ள குணம். தோற்றவர்களில் பலர், ஜயத்தின் வாசற்படிவரை வந்து திரும்பியவர்களாகவே ஒவ்வொரு ஆட்டத்திலும் எழுந்திருக்கிறார்கள். அந்த ஏக்கம் ஆறுவதற்குள் அடுத்த சீட்டை நீட்டுகிற வேகம்தான் புதிது.

ஆகஸ்ட் 27, புதன்

கொழுக்கட்டையும் பூஜையும் முடிந்து, மாலையில் குடியிருப்போர் சங்கத்தார் கீழே, பிங்கோவின் நம் ஊர் வடிவமான ஹவுஸி நடத்தினார்கள். சீட்டு பத்து ரூபாய். முதல் ஐந்து, மேல் வரி, நடு வரி, கீழ் வரி, நாலு மூலை, ஃபுல் ஹவுஸ் என்று சின்னச் சின்னப் பரிசுகள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் துணிப்பையிலிருந்து மரக்காய்களை எடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வேடிக்கை சொல்லி அழைத்தார். காது கேளாத பாட்டிக்காக இரண்டு தடவை சொன்னார். ‘போகி’, அதாவது தப்பான கோரல், என்று ஒரு சிறுவனின் அவசரக் கூவலைத் தள்ளுபடி செய்தார். நூற்றைம்பது ரூபாய் ஜெயித்த அம்மாள் அதற்கு மேலேயே செலவழித்து எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள்.

மருமான் தள்ளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனை அழைக்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

கணக்கு என்றால் அவனுக்குப் பிரியம். ஆகையால் கணக்கையே துணைக்கு அழைத்துக்கொண்டேன். நம் ஊர் ஹவுஸிச் சீட்டில் 15 எண்கள். பையில் 90 காய்கள். ஒரு குறிப்பிட்ட சீட்டு முழுவதும் நிறைவதற்குச் சராசரியாக 85 காய்கள் அழைக்கப்பட்டாக வேண்டும். பாதிக் காய்கள், அதாவது 45, அழைக்கப்படுவதற்குள் ஒரு சீட்டு நிறைந்துவிடுவதற்குள்ள சாத்தியம் ஏறக்குறைய 1,33,000-இல் ஒன்று. இத்தனை எண்ணுக்குள் சீட்டு நிறைந்தால் மகா பரிசு என்று திரையில் மின்னுகிற வாக்குறுதிகள், எண்களின் எல்லை குறையக் குறைய, இப்படிப்பட்ட பின்னங்களின் மேல்தான் நிற்கின்றன.

இன்னொரு கணக்கும் போட்டோம். சீட்டுப் பணத்தில் நூற்றுக்குப் பத்தை நடத்துகிறவன் எடுத்துக்கொண்டு மீதியைப் பரிசாகத் தருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள தொகை முழுவதையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் சீட்டாக மாற்றிக்கொண்டே போனால், ஏழாவது ஆட்டத்தின் முடிவில் சராசரியாகப் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சும். சங்கத்து ஹவுஸியில் ஏழு ஆட்டம் என்பது ஒரு முழு மாலைப்பொழுது. அவன் போனில் அது இருபது நிமிஷம். ‘முதல் தடவை 50 டாலர் கட்டினால் இன்னொரு 50 டாலர் அன்பளிப்பு’ என்ற ஆசைகாட்டலையும் பார்த்தேன். அன்பளிப்பை எடுக்க வேண்டுமானால் அதைப் போல் 40 மடங்குக்குச் சீட்டு வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. 2,000 டாலருக்குச் சீட்டு வாங்கினால், பத்து சதவீதக் கணக்கில், 200 டாலர் நஷ்டமாவதே சராசரி.

மருமான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. “ஆனால் மாமா, இதில் ஏமாற்ற முடியாது. எண்களின் வரிசை ஆட்டத்துக்கு முன்பே பூட்டப்பட்டுவிடுகிறது” என்றான். அந்தப் பூட்டின் விவரம் இது: ஆட்டம் தொடங்குமுன் ஒரு ரகசியச் சொற்கோவையிலிருந்து கணக்கிட்ட 64 எழுத்துள்ள முத்திரை ஒன்றை நடத்துகிறவர்கள் வெளியிடுகிறார்கள், பிற்பாடு ரகசியத்தையும் வெளியிட, யார் வேண்டுமானாலும் கணக்கிட்டு இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். பழைய ஆட்டம் ஒன்றை எடுத்து நாங்களும் சரிபார்த்தோம். எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது.

முத்திரை நிரூபிப்பது இடையில் எண் மாற்றப்படவில்லை என்பதை மட்டுமே. ஆட்டத்தில் கலந்துகொண்ட மற்றச் சீட்டுகளுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்களா, அல்லது நடத்துகிறவனுடைய இயந்திரங்களே வாங்கிக்கொண்ட சீட்டுகளா என்பதை அது நிரூபிக்காது. வாழ்த்துச் சொல்லுகிறவர்கள் பிழைப்புக்காக வாழ்த்துகிறவர்களா என்பதை நிரூபிக்காது. ஜெயித்த தொகையைக் கேட்டால் தருவார்களா என்பதை நிரூபிக்கவே நிரூபிக்காது. தலைமையாசிரியரின் துணிப்பைக்கு முத்திரை கிடையாது; ஆனால் அங்கே முப்பது பேர் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஜெயித்தவள் யார் என்பதை எல்லோரும் கண்ணால் கண்டார்கள். சூதைச் சற்றேனும் சகிக்கத்தக்கதாக்கிவந்தது அந்தச் சாட்சிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதை அவனிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று பணத்தின் பாதையைக் கேட்டறிந்தேன். அவன் கெட்டது தோற்றதால் மட்டுமல்ல; ஜெயித்ததாலும் கெட்டிருக்கிறான்.

முதலில் கட்டியதெல்லாம் பிட்காயினில். 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலர் விலைபோன அந்த நாணயம் மறு வருஷம் அதே மாதத்தில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது என்பது அவனுக்குத் தெரியும். ஆகையால் டாலரோடு பிணைத்த டெதர் நாணயத்துக்கு மாறினான். மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் நல்ல தொகை ஜெயித்து, எடுக்கப் போனபோதுதான் அடையாளச் சீட்டும் முகப் படமும் கேட்டார்கள். கட்டும்போது ஒரு வார்த்தையும் கேட்டவர்களில்லை. ஒருவழியாக நாணயம் வந்தது. அதை ரூபாயாக்க, முகமறியாத ஒருவருக்கு விற்றான், அவர் யூ.பி.ஐ. மூலம் ரூபாய் அனுப்பினார். சில நாளில் வங்கிக் கணக்கு முடங்கியது. வந்த ரூபாய் வேறெங்கோ ஒருவரிடம் இணைய மோசடியில் பறித்த பணமாம். புகார் பதிவானது வேற்று மாநிலப் போலீஸ் ஸ்டேஷனில். குழந்தைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட முடியாமல் அவன் மனைவி வளையலை அடகுவைத்தது அந்த வாரத்தில்தான்.

பிட்காயினை அறிமுகம் செய்து 2008-இல் ஸதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரையில், நடுவில் வங்கி என்ற ஒருவர் இல்லாமலே இருவர் பணம் மாற்றிக்கொள்ளலாம், மாற்றிய பின் திரும்பப் பெற இயலாது என்பது ஒரு சிறப்பாகவே சொல்லப்பட்டது. பொருளை வாங்கிக்கொண்டு பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் வஞ்சகரிடமிருந்து விற்பவனைக் காப்பதற்காக உண்டான ஏற்பாடு அது. சூதாட்டக்காரன் விற்பவனாக நிற்கும் இடத்தில் அந்தக் காப்பு முழுவதும் அவனுக்கே போய்ச்சேருகிறது. பிரிட்டனில் 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டைக் கொண்டு சூதாடக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். பணம் எந்த வழியாக வருகிறது என்பதைக் கவனித்தால் தீமையைக் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம் என்ற நல்ல அபிப்பிராயம் அது. கிரிப்டோ அந்த வாசலையே இல்லாமல் செய்துவிடுகிறது. கிரிப்டோச் சூது நடத்தும் ஸ்தாபனங்களில் பல வெனிசுலாக் கரைக்கு அருகிலுள்ள குராசாவ் தீவின் உரிமத்தைக் காட்டுகின்றன. பம்ப் கம்பெனிக் குமாஸ்தா எந்தக் கப்பலேறி அங்கே போய் நியாயம் கேட்பான்?

நாணயத்தைச் சும்மா வைத்திருந்தாலும் அபாயமில்லை என்று சொல்வதற்கில்லை. 2024 ஜூலை 18-இல் நம் தேசத்து வாஸிர்எக்ஸ் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. வரி விஷயமும் இருக்கிறது: கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம், இணைய ஆட்டத்தில் ஜெயித்ததற்கும் 30 சதவீதம், கிரிப்டோவில் நேர்ந்த நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் வழியில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

நேற்று இரவு அவன் ஊருக்குக் கிளம்புமுன், ஏன் ஆரம்பத்திலேயே யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரிடம் மாமா சொல்வது? சொன்னால் நானே குற்றவாளி” என்றான். அதிலும் நியாயமுண்டு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த சட்டப்படி, இணையச் சூதில் ஈடுபடுகிறவனுக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ரம்மியும் போக்கரும் திறமையின்பாற்பட்டவை என்று அவ்வருஷம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை அந்தத் தடையிலிருந்து விலக்கியது. எண் தானே விழுந்து தானே குறிக்கப்படும் பிங்கோவுக்கு அந்த வாதம் எடுபடாது. புதிய மத்திய சட்டமோ ஆடுகிறவனைத் தண்டிக்காமல் நடத்துகிறவனையும் விளம்பரக்காரனையும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவனையும் பிடிக்கிறது. அதுவே சரியான வழி என்பது என் அபிப்பிராயம். ஆடினவனையும் குற்றவாளியாக்கினால் அவன் ஒளிந்துகொள்வான்; ஒளிந்தவன் தனியே மறுபடி ஆடுவான்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. 2022-இல் அமலான பதிப்பில் அது முக்கியமாக இணையத்தில் நிகழ்வதா என்று பிரித்துக் குறிக்கவும் இடம் செய்திருக்கிறார்கள். நோய் என்று தெரிந்த பின் வைத்தியரிடம் அழைத்துப்போவதுதான் வீட்டாரின் கடமை. கோயம்புத்தூரில் ஒரு மனநல வைத்தியரைப் பார்க்க அவன் சம்மதித்திருக்கிறான். அவன் சம்பளத்தை இனி அவன் மனைவி பார்த்துக்கொள்வாள். அந்தப் போனிலிருந்து நாணயப் பையை அவனே என் எதிரில் நீக்கினான். முடங்கிய கணக்குக்காக அந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வேண்டிய ரசீதுகளையெல்லாம் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் குறிப்பை வாசிக்க நேர்ந்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பிள்ளை இரவு வெகுநேரம் போனோடு தனித்திருந்து, பணத்தைப் பற்றிக் கேட்டால் சீறுகிறவனாக மாறியிருந்தால், கணக்குக் கேட்பதற்கு முன்னால் அவனை அருகில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள். மனசு பிடிபடாமல் போயிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். இரவானாலும் பகலானாலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.