காலிக் கோட்டைக்குள் ஓர் ஊர்

இத்தாலியின் வடமேற்குக் கரையில் போர்ட்டோஃபினோ என்றொரு சின்னக் கிராமம் உண்டு. குடியிருப்போர் ஐந்நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். அடிப்படையில் அது மீனவர் ஊர்தான். வளைந்த துறை, அதைச் சுற்றி மஞ்சளும் காவியுமாய் நெருக்கியடித்து நிற்கும் வீடுகள், பின்னால் மலை. கடந்த நூற்றாண்டின் ஐம்பதுகளில் ஹொலிவூட் நட்சத்திரங்கள் வந்திறங்கத் தொடங்கியதிலிருந்து உலகின் கண் அதைவிட்டு அகலவில்லை. 2023இல், படம் பிடிக்க நிற்போரின் நெரிசல் தாங்காமல், துறையோரத்தில் சில இடங்களில் தரித்து நிற்கவே கூடாதென்று அவ்வூர் நிர்வாகம் விதி செய்தது. மீறினால் 275 யூரோ வரை தண்டம். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு நமது காலிக் கோட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது.

பெல்மதுளையில் பிறந்தவனுக்குக் கடல் தூரத்துச் சங்கதி. எங்கள் சந்தியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பலாங்கொடைப் பக்கம் மலையேறும். மற்றது எம்பிலிப்பிட்டியவை நோக்கி இறங்கும். உல்லாசப் பயணிகள் இரண்டு பக்கமும் போவார்கள். எங்கள் ஊரில் இறங்கித் தேநீர் குடிப்பதோடு சரி. என்றாலும் எங்கள் மண்ணுக்கும் காலிக்கும் நெடுங்காலத் தொடுப்பு இருக்கிறது. இங்கே குழிகளில் இல்லத்தை அரித்தெடுத்த மாணிக்கக் கற்களில் சில, கைமாறிக் கைமாறிக் கோட்டைக்குள் முஸ்லிம் வியாபாரிகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் போய்ச் சேரும். இன்னும் பின்னால் போனால் இப்னு பதூதா இருக்கிறார். 1344இல் பாவா ஆதம் மலையைத் தரிசித்து இறங்கியவர், காலி என்ற சிறு பட்டினத்தில் இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தமக்கு விருந்தளித்ததாக எழுதிவைத்திருக்கிறார். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வருவதற்கு நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முந்திய கதை இது!

1911இல் காலி நகரில் ஒரு மதகை மூடியிருந்த கல்லைப் புரட்டியபோது அதன் மறுபக்கத்தில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத்திருந்தது. 1409 எனத் திகதியிட்ட அக்கல் இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கிறது. சீனம் புத்தரையும், தமிழ் தெனாவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. கோட்டைக்குள் வீதிப் பெயர்களும் இப்படித்தான். ஒல்லாந்தர் ‘சோனக வியாபாரிகள் வீதி’ என்ற பொருளில் அழைத்ததுதான் இன்றைய பெட்லர் வீதி. பரவா வீதி என்றொன்றும் இருக்கிறது. அதற்குத் தமிழ் வாசகருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஆக, அழகு என்று வந்தோர் மயங்குவது வெறும் கல்லையும் சுண்ணாம்பையும் மட்டுமல்ல. வெளிச்ச வீட்டுக்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளி வெள்ளை வெளேரென்று ஒரு தேவாலயத்தின் சாயலில் நிற்கிறது. அங்கிருந்து பாங்கு எழுகையில் மதில்மேல் நிற்கும் வெள்ளைக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்ததும், 2004 டிசம்பர் 26இல் வெளியே பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் கடல் வாரிக்கொண்டு போக, கோட்டை மதில் உள்ளிருந்தவர்களைக் காத்ததும் நாமெல்லாம் அறிந்தவை.

சில வருடங்களுக்கு முன் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனேன். லயக் காம்பராக்களில் வளர்ந்த பிள்ளைகள். மதில், கடல், கப்பல் எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தார்கள். லெயின் பான் வீதியில் நடந்துகொண்டிருக்கையில் ஒருத்தி கேட்டாள்: “சேர், இதுக்குள்ள நெசமாவே ஆளுங்க குடியிருக்காங்களா?”

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். நகைக்கடை, ஐஸ்கிறீம் கடை, விருந்தினர் விடுதி, மறுபடியும் விடுதி. ஒரு வாசலில் மட்டும் கொடியில் சாரமும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. அதைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் கோட்டைக்குள் பிறந்தவர். அவர் வீட்டு உள்முற்றத்தில் ஒரு கிணறு இருந்தது. கலாசாலை விடுமுறையில் போனபோது அதில் குளித்திருக்கிறேன். தரையின் குளிர்ச்சி இன்னும் பாதத்தில் நிற்கிறது. வெளிநாட்டார் காணி வாங்கினால் கட்டவேண்டிய நூறு வீத வரியை 2002இல் அரசாங்கம் நீக்கி, 2004இல் திரும்பவும் விதித்தது. அந்த இடைவெளியில் கோட்டைக்குள் பல வீடுகள் கைமாறின. பெரும்பாலான வெளிநாட்டாருக்குக் காணி உரிமை மாற்றத்தை 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம் தடுத்தபோது, போனவை போய்விட்டன. 2011இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்ததும் கொழும்புப் பணக்காரருக்கும் காலி ஒரு வாரவிடுமுறைத் தூரமாகிவிட்டது.

விற்றவர்களைக் குறை சொல்லும் எழுத்துக்களை நான் வாசித்ததுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நண்பரின் வாப்பா மௌத்தானபோது வாரிசுகள் ஐந்து பேர். பங்கு பிரிப்பதென்றால் ஒரு கிணறும் ஒரு முற்றமும் உள்ள வீட்டை எப்படிப் பிரிப்பது? ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்றால், விலை டொலரில் பேசப்படுகிறது. அதற்கு ஒரு வாத்தியாரின் சம்பளம் எந்த மூலைக்கு? மேலும் தங்கைமாருக்கு வீடு கொடுக்க வேண்டும். கோட்டைக்குள் உள்ள ஒரு வீட்டை விற்றால் வெளியே மூன்று வீடு கட்டலாம். நம்மவரின் சீதன வழமையை நினைத்துப்பாருங்கள்! போர்ட்டோஃபினோ மீனவரின் பேரப்பிள்ளைகளுக்கும் கணக்கு வேறு விதமாக வந்திருக்காது.

“முந்தி கோட்டைக்குள்ள ஊடிருக்கு என்டா மரியாத மச்சான். இப்ப அது காசு” என்றார் நண்பர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கோட்டைக்கு உள்ளே வீடுகள் குறைந்தால் பள்ளியில் ஸஃப்பும் குறையும். ஜும்ஆவுக்கு வெளியிலிருந்து வந்து நிரப்பிவிடலாம். சுபஹுக்கு யார் வருவது? இந்தக் கேள்வியை உலக மரபுரிமைப் பட்டியல்காரர்கள் கேட்கமாட்டார்கள். மதிலின் கல் பெயர்ந்தால் அறிக்கை எழுதுவார்கள். சாரம் காயும் கொடி அறுந்தால் எழுதுவதற்குப் படிவமே கிடையாது.

நண்பர் இப்போது கட்டுகொடையில் இருக்கிறார். மஃரிபுக்கு மாத்திரம் மோட்டார் சைக்கிளில் கோட்டைக்கு வருவார். போன றமழானில் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பழைய பழக்கத்தில் அந்த வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தினார். சிங்கள இளைஞன் ஒருவன், காவற்காரன், மிக மரியாதையாக வந்து, விருந்தினரின் வாகனம் வரும், இங்கே நிறுத்த முடியாது என்றான். நண்பர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளி மதிலோரம் நிறுத்தினார். பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டது. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.