பேஸ்மென்டில் அம்மா

கால்கரியில் வீடு வாங்கியதும் அம்மாவுக்கென்று பேஸ்மென்டில் ஓர் அறை போட்டோம். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு இங்கே பல வீடுகளில் வாய்ப்பது அதுதான். தனிக் குளியலறை, தரையில் கம்பளம், கூரையை ஒட்டிக் கையகல ஜன்னல். சூப்பர் விசாவில் வந்த அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "காத்தே காணமே, கண்ணு."

கணியூர்க்காரர் வேறெப்படிச் சொல்வார்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் உடுமலைச் சீமையில் காற்றாலைகளைச் சுற்றுகிறது. ஆடியில் எங்கள் ஓட்டு வீட்டில் விளக்கேற்றினால் கையை அணைகட்டிப் பிடிக்க வேண்டும். வாசற்கதவு படுக்கப் போகும்போதுதான் அடைபடும். அந்தப் பழக்கத்தில் மைனஸ் இருபதிலும் அம்மா ஜன்னலைத் திறந்தார். நான் ஹீட்டர் பில்லைக் காட்டிச் சத்தம் போட்டேன். பிறகு திறக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் அலுவலக நண்பர் ஒருவர் ரேடான் அளக்கும் டப்பாவைக் கொடுத்தார். கறுப்பாக, விபூதி டப்பா அளவில் இருந்தது. ஆள் அதிகம் புழங்கும் அறையில் மூன்று மாதம் வைக்க வேண்டும். அம்மாவின் கட்டிலருகே வைத்தேன். விபூதி என்றே நினைத்து ஓரிரு தரம் திறக்கப் பார்த்திருக்கிறார்.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து பிறக்கும் வாயு ரேடான். நிறமில்லை, மணமில்லை. வெட்டவெளியில் காற்றோடு கரைந்துபோகும். குளிர்நாட்டு வீடோ அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடான காற்று மேலேறிக் கசியக் கசிய, கீழே அழுத்தம் குறைந்து, காங்கிரீட் விரிசல் வழியாக வீடு மண்ணுக்குள் இருப்பதை உறிஞ்சுகிறது. பனியன் கம்பெனியில் பஞ்சு புருவத்தில் படிந்தாலாவது கண்ணாடியில் தெரியும்; இது எதிலும் தெரியாது. 1984இல் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர், தான் வேலை செய்த லிமெரிக் அணுமின் நிலையத்துக்குள் நுழையும்போதே கதிர்வீச்சு மணி அலறியது. அவர்மேல் ஒட்டிக்கொண்டு வந்தது சொந்த வீட்டு ரேடானின் கதிரியக்கம். கனடாவில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகளில் சுமார் 16 சதவீதத்துக்கு ரேடான்தான் காரணம் என்கிறது ஹெல்த் கனடா.

எங்கள் வீட்டு முடிவு வந்தது: 430 பெக்கரல். ஒரு கன மீட்டர் காற்றில் நொடிக்கு 430 அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். இங்கே 200ஐத் தாண்டினால் சரிசெய்யச் சொல்கிறார்கள். 2007 வரை அந்த வரம்பு 800ஆக இருந்தது. உலக சுகாதார நிறுவனமோ 100 போதும் என்கிறது. அம்மா பகலிலும் அந்த அறையைவிட்டு அதிகம் வெளியே வரமாட்டார். ஜன்னலுக்காக நான் போட்ட சத்தம் அன்று எனக்கே திரும்பக் கேட்டது.

சான்றிதழ் பெற்ற ஆள் வந்து அம்மாவின் அறை மூலையில் தரையைத் துளைத்தார். கையை விட்டு ஒரு வாளி சரளையும் மண்ணும் அள்ளினார். நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்பை இறக்கி, சுற்றிலும் அடைத்து, ஃபேன் மாட்டி, காற்றை வெளியே விட்டார். மண்ணுக்குள்ளேயே உறிஞ்சிவிடுவதால் வீட்டுக்குள் ஏற மிச்சமிருக்காது. செலவு 2,600 டாலர்.

"நம்ம காசுக்கு எவ்வளவுடா?"

"ஒண்ணரை லட்சத்துக்கு மேல."

"ஓட்டை போடறதுக்கா?"

பைப்பில் சிவப்புத் திரவம் நிரப்பிய சிறு கண்ணாடிக் குழாய் வளைந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஃபேன் நின்றுவிட்டதாக அர்த்தம். தினமும் காலையில் விபூதி பூசியதும் அதைப் பார்ப்பது அம்மாவின் வேலை ஆயிற்று. அடுத்த குளிர்காலத்தில் அளந்தபோது 40.

இப்போது கணியூரில் தம்பி ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டுகிறான். படம் அனுப்பியிருந்தான். கிரானைட் தரை, அசைக்க முடியாத கண்ணாடி, ஏ.சி. கிரானைட்டைவிட அடியிலுள்ள மண்தான் ரேடானுக்கு முதல் ஊற்று என்பதை அவனுக்கு எழுதலாமென்று இருந்தேன். அதற்குள் அம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"மேக்கால பாத்து ஒரு ஜன்னல் வைடா."

"ஏ.சி. காத்தெல்லாம் வெளிய போயிரும்மா. கரண்டு பில்லு யாரு கட்டறது?"

அம்மா பதில் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டினார்.