தார்ப்பாய் விரிக்காத இரவு

“இன்று பிற்பகலில் தீவின் பல பகுதிகளில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.” இந்த வரியை வானொலியில் எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. வாசித்து முடித்ததும் அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்கிறதா, வெயிலடிக்கிறதா என்பதே வேலை முடிந்து லிஃப்ட்டில் கீழே இறங்கினால்தான் தெரியும்.

வீட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நம்மில் பெரும்பாலோர் வீவக அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். நம் கூரை மேல்வீட்டுக்காரரின் தரை. ஊரில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்த கதைகளைப் பெரியவர்கள் சொல்லும்போது, நம் பிள்ளைகளுக்கு அது ஏதோ சினிமாக் காட்சி போலத்தான் இருக்கும்.

அதனால்தான் ஹேமக்கில் தூங்கும் பழக்கம் எனக்குப் பிடித்துப்போனது. தெரியாதவர்களுக்கு: இரண்டு முனைகளிலும் கட்டித் தொங்கவிடும் நீளமான துணிப் படுக்கை. சுருக்கமாகச் சொன்னால் பெரியவர்களுக்கான தூளி. கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகள் இதில்தான் தூங்கினார்கள். கொலம்பஸின் ஆட்கள் 1492ல் அதைப் பார்த்த பிறகு ஐரோப்பாவுக்குப் போனது. பின்னர் கப்பல் மாலுமிகளின் படுக்கையானது. நமக்கு அது புதிதல்ல. அம்மாவின் பழைய சேலையில் ஆடித் தூங்கியவர்கள்தானே நாம்? நான் பிறந்தபோது அப்பா எங்கள் மூவறை வீட்டின் உத்தரத்தில் ஒரு கொக்கி போட்டு, தேக்காவில் ஸ்பிரிங் வாங்கி வந்து தூளி கட்டினாராம். அந்தக் கொக்கி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஹேமக்கில் தூங்குபவர்களிடையே ஒரு வாக்குவாதம் உண்டு. மேலே தார்ப்பாய் கட்டுவதா, வேண்டாமா? கட்டினால் மழைக்குப் பயமில்லை. ஆனால் கண்ணுக்கு மேலே தெரிவது நைலான் துணி மட்டுமே. வீட்டுக் கூரையிலிருந்து தப்பித்து வந்து இன்னொரு கூரைக்குக் கீழே படுப்பதற்கு எதற்கு இத்தனை பாடு?

பாலைவன நாட்டில் இந்தக் கேள்வி எளிது. இங்கே அப்படியில்லை. சாங்கி வானிலை நிலையத்தின் நீண்டகாலச் சராசரிப்படி ஆண்டுக்கு 171 நாள் மழை பெய்கிறது. ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொரு விருந்தாளியும் வருவார்: ‘சுமத்ரா’ என்று நாம் சொல்லும் சூறைக்காற்று. மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து பெரும்பாலும் விடியலுக்கு முன் வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசி, ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். காலை நிகழ்ச்சிக்கு நாலரை மணிக்குக் கிளம்பும் எனக்கு அதனோடு பழைய பழக்கம்.

போன வருடம் ஜூன் மாதம், விடுப்பில் இருந்த ஒரு வாரத்தில், அப்பாவிடம் கேட்டேன். “ஒரு ராத்திரி கடற்கரையில படுக்கலாமா ப்பா?” அம்மா போய் அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா இரவில் தூங்குவதில்லை. கூடத்தில் டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அவர் அதை அலமாரியில் வைத்தார். எழுபது வயதுக்காரர் தூளியில் படுப்பதா என்று சிரிப்பார் என நினைத்தேன். “மழை வந்தா?” என்று மட்டும் கேட்டார். “எழுந்து ஓடலாம்” என்றேன். “ஊர்ல அதத்தானே பண்ணுவோம்” என்றார்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூடாரம் போட ஒதுக்கிய இடத்தில், முகாம் அனுமதி பெற்றுக்கொண்டு போனோம். நம் பூங்கா மரங்களில் கயிறு கட்டக்கூடாது. அதனால் மடித்து எடுத்துச் செல்லும் இரும்புச் சட்டங்களில் இரண்டு தூளிகளையும் மாட்டினேன். மரத்தடியைத் தவிர்த்தோம். கிளை விழும் பயம் ஒன்று. வானம் தெரியாது என்பது இன்னொன்று.

சற்றுத் தள்ளி நின்ற மரத்தைப் பார்த்து அப்பா, “தூங்குமூஞ்சி தூங்கிடுச்சு” என்றார். ஆங்கிலத்தில் மழை மரம் என்று பெயர் பெற்ற அதே மரம். பொழுது சாய்ந்தால் இலைகளை மூடிக்கொள்ளும். மழை வருவதற்கு முன்பும் மூடும். மலாய்க்காரர்கள் ‘புக்குல் லிமா’, அதாவது ஐந்து மணி மரம் என்பார்கள். நான் தினமும் அந்தச் சாலையில் போகிறவள். அந்த இலைகளை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

தூளியில் நேராகப் படுத்தால் முதுகு வளையும். குறுக்காகச் சாய்ந்து படுத்தால் உடம்பு சமமாகிவிடும். கீழே காற்று ஓடுவதால் நம் ஊரிலும் விடியற்காலையில் முதுகு குளிரும். தடித்த போர்வை ஒன்றை அடியில் விரித்துக்கொள்ள வேண்டும். கொசுவலை கண்டிப்பாக வேண்டும். நல்லவேளையாக அது வானத்தை மறைப்பதில்லை. தார்ப்பாயை நான் பிரிக்கவில்லை. கை எட்டும் இடத்தில் பையிலேயே இருந்தது. படுப்பதற்கு முன் கைப்பேசியில் மழை ரேடார் பார்த்தேன். ஓடி ஒதுங்க வேண்டிய கொட்டகை எது, எத்தனை அடி தூரம் என்று இருவரும் நடந்து பார்த்துவிட்டு வந்தோம். இடி கேட்டால் தார்ப்பாய் காப்பாற்றாது. திறந்த வெளியில் மின்னலுக்கு மருந்து, உடனே அங்கிருந்து விலகுவது மட்டும்தான்.

நட்சத்திரங்களை நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை. உலகிலேயே இரவு வானத்தில் செயற்கை வெளிச்சம் மிகுந்த நாடு சிங்கப்பூர்தான் என்று 2016ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. மேலே சாம்பல் நிற வானம். சாங்கிக்கு இறங்கும் விமானங்கள். தெற்கே கடலில் வரிசையாக நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நள்ளிரவை நெருங்கும்போது பக்கத்துத் தூளியிலிருந்து அப்பாவின் குரல். “கப்பலுக்கு மேலே பாரும்மா. நல்லா மேலே. செவப்பா ஒண்ணு தெரியுதா?”

தெரிந்தது.

“அதுதான் கேட்டை.”

கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. கேட்டை, அம்மாவின் நட்சத்திரம். சிராங்கூன் சாலைக் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது அம்மாவின் பெயருக்குப் பிறகு ‘கேட்டை நட்சத்திரம்’ என்று எத்தனை ஆண்டுகளாகச் சொல்லியிருக்கிறேன்! அடையாள அட்டை எண்ணைச் சொல்வதுபோல. அது வானத்தில் உண்மையாகவே இருக்கிற ஒரு பொருள், கைநீட்டிக் காட்டக்கூடியது என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. ஒருவர் பிறந்த நேரத்தில் நிலா வானத்தின் எந்தப் பகுதியில் இருந்ததோ, அதுவே அவரது நட்சத்திரம். அம்மா பிறந்த அன்று நிலா அந்தச் சிவப்புப் புள்ளியின் அருகே இருந்திருக்கிறது.

“உங்களுக்கு எப்படி ப்பா தெரியும்?”

“வயக்காட்டுல தண்ணி பாய்ச்சப் போனா வேற என்ன பாக்குறது? தேள் மாதிரி இருக்கும், வாலு கீழ வளையும். கல்யாணமான புதுசுல உங்கம்மாவுக்கு மாடியில காட்டினேன். இங்க வந்தப்புறம் நாப்பது வருசமாப் பாக்கல.”

பிறகு அவர் அம்மாவைப் பற்றிப் பேசினார். எட்டு மாதத்தில் முதன்முறையாக, நான் கேட்காமலேயே. அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. பேச்சுக்கு நடுவே ஒரு கட்டத்தில் பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தூங்கியிருந்தார்.

சுமார் நாலரை மணிக்குக் காற்று மாறியது. நகரப் பக்கம், மேற்கில், மேகத்துக்குள் மின்னல் மினுங்கியது. அப்பாவை எழுப்பினேன். போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய மழை அதற்குப் பிறகுதான் வந்தது. ஃபிளாஸ்க்கில் இருந்த கோப்பியைக் குடித்துக்கொண்டு, “அஞ்சு மணி நேரம் தூங்கிட்டேன் போல” என்றார் அப்பா, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி.

அந்த ஓர் இரவோடு அவருடைய தூக்கம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். இன்னும் சில இரவுகளில் டிவி ஓடுகிறது. ஆனால் அம்மாவின் பெயர் வீட்டில் மறுபடியும் புழங்குகிறது. தார்ப்பாயைக் கட்டியிருந்தால் நனையாமல் நிம்மதியாகப் படுத்திருப்போம். கேட்டையைப் பார்த்திருக்க மாட்டோம்.

எல்லாரும் தூளி வாங்க வேண்டும் என்பதில்லை. வீவக புளோக்கின் கீழே ஒரு திறந்த திடல் போதும். ரோகிணியும் திருவாதிரையும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் நன்றாகத் தெரியும். மகத்துக்கு மார்ச்; சித்திரைக்கும் சுவாதிக்கும் மே; கேட்டைக்கு ஜூன், ஜூலை; திருவோணத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பர். நகர வெளிச்சத்திலும் கண்ணில் படும் பிரகாசமான நட்சத்திரங்கள் இவை. பூசமும் ரேவதியும் மங்கல். அந்த வீட்டுக்காரர்கள் கொஞ்சம் இருட்டான இடம் தேட வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவரையும் கூட அழைத்துப் போங்கள். எது எங்கே இருக்கிறதென்று அவருக்கு ஒருவேளை முன்பே தெரிந்திருக்கும். நாம்தான் கேட்டிருக்க மாட்டோம்.