ஹெட்டைப் பார்த்து வாங்குங்கள்

திருப்பூர் காதர்பேட்டையை ஒட்டிய சந்து ஒன்றில், முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அக்கா ஒருவர், காகிதத்தில் அடித்த படத்தைச் சூட்டால் துணிக்கும் மக்குக்கும் ஏற்றும் சப்ளிமேஷன் கடை நடத்துகிறார். ஒரு பிரிண்டர், ஒரு ஹீட் பிரஸ், ஒரு மக் பிரஸ். கபடிக் குழுவின் ஜெர்சிக்குப் பெயரும் எண்ணும், பிறந்தநாள் மக்கில் படமும் அடித்துக் கொடுக்கிறார். எந்த பிரிண்டர் வாங்கினால் இந்தத் தொழில் நிற்கும் என்று கேட்கத்தான் போனேன்.

“விலையப் பாக்காதீங்க தம்பி, ஹெட்டப் பாருங்க. நான் முதல்ல மலிவா கெடைக்குதுன்னு ஒண்ணு வாங்கிப் போட்டனுங்க. கொஞ்ச நாள்லயே கறுப்பு வர்றது நின்னு போச்சு.”

ஹெட் என்பது பிரிண்டரில் மையைத் துளை வழியே தள்ளும் பாகம். அவர் முதலில் வாங்கிய பிரிண்டரில் இருந்தது சூட்டில் இயங்கும் ஹெட். 1977இல் கேனான் ஆய்வகத்தில், மை நிரம்பிய ஊசி மீது சூடான பற்றவைப்புக் கோல் பட்டதும் மை பீய்ச்சியடித்தது. அதிலிருந்து பிறந்தது பபிள் ஜெட். ஹெச்பியின் இங்க்ஜெட்டும் சூடாக்கியே மையைத் தள்ளுகிறது. ஆவணம் அடிக்க இது போதும். சப்ளிமேஷன் மையோ சூடு பட்டால் ஆவியாக வேண்டிய சாயம். அந்தச் சூட்டை ஹெட்டுக்குள்ளேயே காட்டினால் மை கெட்டு, படிந்து, துளை அடைக்கும். எப்சனின் பீசோ ஹெட்டில் சூடே இல்லை. மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே இருக்கும் படிகம் வளைந்து மையைத் தள்ளுகிறது. தொழிலில் இருப்பவர்கள் எப்சன் எப்சன் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். பிரதரும் பீசோதான்.

அவர் ஒரு ஜெர்சி முதுகை அடித்துக் காட்டினார். காகிதத்தில் இடவலம் மாறி வந்த எண் மங்கலாக, கறுப்பு சாம்பல் பூசியதுபோல் இருந்தது. வெள்ளை பாலியஸ்டர் துணியை ஒட்டும் ரோலரால் இரண்டு முறை உருட்டினார். பஞ்சு பறக்கும் ஊர்; தூசி சிக்கினால் அழுத்திய பிறகு நீலப் புள்ளி விழுந்துவிடுமாம். துணியை ஒருதரம் வெறுமனே அழுத்தி ஈரத்தை எடுத்தார். பிறகு காகிதத்தை டேப்பால் ஒட்டி, 200 டிகிரியில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக விட்டார். உரித்ததும் கறுப்பு கன்னங்கரேலென்று நின்றது. “சூடு ஏறிப்போச்சுன்னா கறுப்பு காப்பிக் கலராயிரும்” என்றார்.

நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. அங்கே சாயத்தொட்டி இல்லாமல் துணியில் நிறம் ஏறுவதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. ஆனால் பருத்தியில் இது பிடிக்காது. கறுப்புத் துணியிலும் முடியாது, வெள்ளை மையே கிடையாது. திருப்பூரின் பருத்தி பனியனுக்கு இது மாற்று இல்லை.

அளவு விஷயத்தில் அவர் தெளிவாக இருந்தார். மக் மட்டும் என்றால் ஏ4 போதும். எப்சன் எல்130 மாதிரி நான்கு கலர் டேங்க் மிஷினே தாராளம். பெரியவர்கள் ஜெர்சியின் மார்பு, முதுகு நிறைய அடிக்க ஏ3 வேண்டும். எல்1300, எல்1800, இப்போது எல்18050. ஆறு கலர் மிஷினில் வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் கூடுதலாக வரும். முகப் படங்களில் தோல் நிறம் வழுவழுப்பாக விழும். எண்ணும் லோகோவும் அடிப்பவருக்கு அது வீண் செலவு. அடைக்க இன்னும் இரண்டு கலர், அவ்வளவே.

என்னைக் கேட்டால், எந்த மாடல் என்பதைவிட தினமும் ஓட்டுவீர்களா என்பதே பெரிய கேள்வி. ஆர்டர் இல்லாத நாளிலும் நான்கு கலரும் கலந்த ஒரு தாளை அவர் அடித்துவிடுகிறார். மிஷினைச் சும்மா போட்டால் மை காய்ந்து கோடு விழும். கிளீனிங் கிளீனிங் என்று கொடுத்தால் பாட்டில் காலியாகும், கழிவு மைப் பஞ்சும் நிரம்பும்.

வாங்கப் போகிறவர்கள் புது மிஷினாகவே வாங்கி, முதல் பாட்டிலிலேயே சப்ளிமேஷன் மையை ஊற்றுங்கள். சாதா மை ஓடிய டேங்கைக் கழுவி மாற்றுவது பெரும்பாடு. வேறு மை ஊற்றினால் வாரன்ட்டி போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்; வாரன்ட்டி முக்கியம் என்றால் ஷ்யூர்கலர் எஃப் வரிசையில் சப்ளிமேஷனுக்கென்றே எப்சன் விற்கும் மிஷின்களின் விலையை விசாரியுங்கள். கடைக்காரரிடம் ஹெட் என்ன வகை, மாற்ற எவ்வளவு ஆகும், உங்கள் ஊரில் யார் மாற்றித் தருவார்கள் என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.