இலை உதிர்ந்தால் சம்பளம் குறையுமா?

ஐரோப்பாவுக்குப் போய் வந்தவர்கள் ஈபிள் கோபுரத்தைப் பற்றியும் வெனிஸ் நகரத்துப் படகுகளைப் பற்றியும் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். நான் எழுதப் போவது மரத்திலிருந்து உதிரும் இலைகளைப் பற்றி. இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். அங்கே போய்ச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் என் கணவரை அவருடைய நிறுவனம் சுவிட்சர்லாந்துக்கு மாற்றியது. இரண்டரை ஆண்டு ஒப்பந்தம். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். பேராக்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்த நான் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு அவருடன் கிளம்பினேன். சூரிக் நகரிலிருந்து ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில் ஒரு சிற்றூர். மூன்றாம் மாடியில் வீடு. காலையில் அவர் வேலைக்குப் போய்விட்டால் மாலை வரை நானும் நான்கு சுவர்களும்தான்.

அக்டோபர் பிறந்ததும் மூடுபனி இறங்கியது. இறங்கினால் நாலைந்து நாள் சூரியன் முகத்தையே பார்க்க முடியாது. சன்னலுக்கு எதிரே நின்ற மரங்களெல்லாம் மஞ்சளாகி, சிவப்பாகி, கொட்டத் தொடங்கின. எங்கள் அண்டை வீட்டார் என்னவென்றால், சனி ஞாயிறு வந்ததும் கனத்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு, முதுகில் பையோடு, குடும்பம் குடும்பமாக மலைக்குக் கிளம்பினார்கள்.

“வா, நாமும் போய் வரலாம்” என்று என் கணவர் கூப்பிட்டார்.

“இலை கொட்டுவதைப் பார்க்கவா இவ்வளவு பணம் கொடுத்து ரயில் ஏற வேண்டும்?” என்றேன்.

அந்தப் பதிலுக்குக் காரணம் இருந்தது. ஞாயிறுதோறும் அம்மாவோடு தொலைபேசியில் பேசுவேன். அம்மா சுங்கை சிப்புட்டில் என் தம்பி வீட்டில் இருந்தார். இங்கே இலையெல்லாம் உதிர்கிறதம்மா என்று ஒரு வாரம் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா கேட்டார்:

“அப்படின்னா மாப்பிள்ளைக்குச் சம்பளத்தைக் குறைச்சிருவாங்களா?”

நான் சிரித்துவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். நம் ரப்பர் மரமும் இலை உதிர்க்கும் மரம்தானே? ஆண்டுத் தொடக்கத்து வறண்ட மாதங்களில், பிப்ரவரி, மார்ச் வாக்கில், தோட்டம் முழுவதும் செம்பு நிறமாகிக் காலடியில் சருகு நொறுங்கும். மரம் தன் சத்தையெல்லாம் புதுத்தளிருக்குக் கொடுக்கும், பால் குறைந்துபோகும். பால் குறைந்தால் கூலி குறையும். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் எங்கள் பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போகும். அந்த மாதங்களில்தான் அம்மாவின் தோடு அடகுக்குப் போகும். அது திரும்பி வந்தால் தளிர் முற்றிவிட்டது என்று தெரிந்துகொள்வோம். இலை சிவப்பதை அழகு என்று எங்கள் லயத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கணவரின் வற்புறுத்தலுக்காக ரீகி மலைக்குப் போனோம். லூசர்ன் வரை ரயில், அங்கிருந்து ஏரியில் படகு, பிறகு விட்ஸ்னாவ் என்ற கரையிலிருந்து மலை உச்சிக்குப் பல்சக்கர ரயில். 1871-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய இதுதான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். பாதி வழியில் ரயில் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது பாருங்கள், கண் கூசியது! மேலே நீல வானம். கீழே ஏரியும் ஊர்களும் மறைந்து, ஒரே வெள்ளைப் பனிக் கடல். அதில் தீவுகளாய் மலைச் சிகரங்கள். மூன்று வாரமாகக் காணாத சூரியன் அங்கே சும்மா காய்ந்துகொண்டிருந்தான்.

இறங்கும்போது நடந்தே போகலாம் என்றார் அவர். அங்கே மலைப்பாதைகளில் மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்கள். இத்தனை கிலோமீட்டர் என்று அதில் எழுதியிருக்காது. இத்தனை நேர நடை என்றுதான் இருக்கும். நாடு முழுவதும் 65,000 கிலோமீட்டருக்குமேல் இப்படிப் பாதைகள் இருக்கின்றன. பலகையில் போட்ட நேரம் பழகிய கால்களுக்கு. என் கால்கள் வகுப்பறைக் கால்கள். அவர் வரைபடத்தை விரித்தபடி விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார்; நான் மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்ததும் உடனே கிளம்புவார். அவர் நின்று இளைப்பாறியிருப்பார், எனக்கோ அதற்கும் நேரமில்லை.

இன்னொன்றையும் மறந்துவிட்டோம். அன்று அதிகாலையில்தான் நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியிருந்தார்கள். ஐந்து மணிக்கே வெளிச்சம் மங்கியது. குளிர் ஏறியது. நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

“உங்களுக்காகத்தான் வேலையை விட்டேன், அம்மாவை விட்டேன். எனக்கு இந்த மலையும் வேண்டாம், இலையும் வேண்டாம்” என்று கத்தினேன். கல்யாணமாகி இருபத்தேழு ஆண்டில் அப்படி நான் பேசியதில்லை.

அவர் பதில் சொல்லவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “இனிமேல் நீ முன்னால் நட” என்றார். தண்டவாளத்தை ஒட்டியே பாதை போனதால் வழி தவறாமல் அடுத்த நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற தாதி ஒருவர் இருந்தார். நடந்ததை ஒருநாள் அவரிடம் சொன்னேன். மலைக்குப் போகிறவர்களிடையே அதுதான் முறை, மெதுவாக நடப்பவரை முன்னே விட வேண்டும் என்றார் அவர். என் கணவர் அதைத் தாமதமாகக் கற்றாலும் சரியாகக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தப் பாதையிலும் அவர் என்னை முந்தியதில்லை.

அந்த அம்மையார்தான் 2015 செப்டம்பரில் எங்களை யுஸ்டிஸ்டால் என்ற பள்ளத்தாக்குக்குப் போய் வரச் சொன்னார். துன் ஏரிக்கு மேலே, சிக்ரிஸ்வில் ஊரை அடுத்து, இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவே கிடக்கிறது அந்தப் புல்வெளி. கோடை தொடங்கியதும் பல வீட்டு மாடுகளையும் ஒன்றாக மேலே ஓட்டிவிடுவார்கள். இடையர்கள் அங்கேயே தங்கிப் பால் கறந்து பாலாடைக்கட்டி செய்து அடுக்குவார்கள். செப்டம்பர் பிற்பாதியில் ஒரு நாள் மாட்டுச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி அந்தக் கட்டிகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். யார் மாடு எவ்வளவு பால் கொடுத்ததோ, அதற்குத் தக்க பங்கு. எந்த அடுக்கு யாருக்கு என்பதற்குச் சீட்டுப் போடுவார்கள்.

மரக்குடிலிலிருந்து வட்டக் கட்டிகள் கைமாறிக் கைமாறி வந்தன. புல்லின் மேல் அவற்றை அடுக்கடுக்காக வைத்தார்கள். ஒருவர் கையில் கணக்குத் தாள். சுற்றி நின்ற ஆண்களும் பெண்களும் அவர் வாயையே பார்த்தார்கள்.

எனக்கு அந்த இடத்தில் எங்கள் தோட்டத்து ஸ்டோர் கண்ணில் வந்து நின்றது. தோளில் காண்டாக் கம்பும் இருபக்கமும் பால் வாளியுமாக அம்மா வரிசையில் நிற்பார். பாலை நிறுத்து, கிராணி புத்தகத்தில் எழுதுவார். அம்மா அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பங்கு முடிந்ததும் மாடுகள் புறப்பட்டன. தலையில் பூங்கொத்து, கழுத்தில் குடம் அளவு மணி. பள்ளத்தாக்கே அதிர்ந்தது. நம் மாட்டுப் பொங்கல்தான் போங்கள்! வேடிக்கை பார்க்க வந்த எங்களுக்கு அது திருவிழா. அவர்களுக்கோ ஒரு கோடையின் உழைப்புக்குக் கணக்கு முடிக்கும் நாள். இலையுதிர்காலம் பொழுதுபோகாதவர்களின் கொண்டாட்டம் என்று எண்ணியிருந்தேனே, அந்த எண்ணம் அன்று போயிற்று.

அந்த ஞாயிறு அம்மாவிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். ஆவலாகக் கேட்டுவிட்டு, “பால் குறைஞ்ச மாட்டுக்காரனுக்கு?” என்றார்.

“குறைச்சுத்தான் கிடைக்கும்மா.”

“அப்ப எல்லா ஊரிலேயும் ஒரே கணக்குதான்” என்றார் அம்மா.

அதன் பிறகு எங்கள் வார இறுதிகளே மாறிவிட்டன. நடைக்கு ஒரு மலை, பசிக்கு ஒரு புதுச் சாப்பாடு. இடையர் உணவு என்று மலைக்கடைகளில் ஒன்று கொடுப்பார்கள். மக்கரோனியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்து, பாலாடைக்கட்டியை உருக்கி ஊற்றி, மேலே பொன்னிறமாக வதக்கிய வெங்காயம். தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல்! முதல் கவளத்தில் விழித்தோம். அடுத்த முறை என் கணவர் சட்டைப்பையில் சம்பால் புட்டி வந்தது. இலையுதிர்காலத்தில் தெருமுனைகளில் பெராங்கான் கொட்டையைச் சுட்டுச் சுடச்சுடக் காகிதப் பையில் தருவார்கள். நம் ஊரில் சீனர்கள் கருமணலில் வறுப்பதுபோல் அல்லாமல், இவர்கள் தோலைக் கீறி நெருப்பில் சுடுகிறார்கள். அதே கொட்டையை வேகவைத்துச் சீனி சேர்த்து மசித்து, அச்சில் பிழிந்து தட்டில் வைத்தால் அதற்கு வெர்மிசெல் என்று பெயர். பார்த்தால் அசல் இடியாப்பம்! “தேங்காய்ப்பூ இருக்கிறதா என்று கேள்” என்று என் காதருகே சொன்னார் அவர். அவர்கள் பாலேட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

2016 அக்டோபரில் எங்கள் கடைசி மலைநடை. நாட்டின் கிழக்கே எங்கடின் பகுதி. அங்கே லார்ச் என்று ஒரு மரம். ஊசியிலை மரம்தான், ஆனால் மற்ற ஊசியிலை மரங்களைப்போல் ஆண்டு முழுவதும் பச்சையாய் இராமல், குளிருக்கு முன் பொன்னாகி உதிர்ந்துவிடும். பகல் குறையக் குறைய இலையின் பச்சையம் சிதைந்து, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது என்று எத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருப்பேன்! பாடம் வேறு, அந்த மலைச்சரிவு வேறு.

மொர்தெராச் என்ற ரயில் நிலையத்திலிருந்து பனியாற்றை நோக்கி ஏறத்தாழ ஒரு மணி நேர நடை. வழியோரத்தில் ஆண்டுகளை எழுதிய பலகைகள். ஒரு காலத்தில் அந்தப் பனியாறு அதுவரை நீண்டிருந்ததாம். உலகம் சூடாகச் சூடாக உருகிப் பின்வாங்கிக்கொண்டே போகிறது. நான் பிறந்த ஆண்டை ஒட்டிய பலகையைத் தாண்டினோம். பிள்ளைகள் பிறந்த காலத்தையும் தாண்டினோம். பனி இன்னும் தூரத்தில்தான் தெரிந்தது.

என் பின்னால் வந்துகொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: “உங்கம்மாவை இப்படிச் சும்மா நடக்க எங்கேயாவது கூட்டிக்கொண்டு போயிருக்கிறோமா?”

நின்று யோசித்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறோம். கோயிலுக்கு, கல்யாண வீட்டுக்கு, சாவு வீட்டுக்கு. சும்மா நடக்க ஒருநாளும் இல்லை. என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியது அந்தத் தோடும் அந்தப் பால் வாளியும்தான். அவர் வெட்டிய மரங்களின் மேல் ஏறித்தான் நான் இந்த மலைக்கு வந்து நிற்கிறேன்.

2017 பிப்ரவரியில் ஊர் திரும்பினோம். அம்மாவுக்கு அப்போது எழுபத்தேழு வயது. நாங்கள் வாழ்ந்த தோட்டம் செம்பனையாகி வெகுகாலம் ஆகிவிட்டது. விசாரித்ததில், சாலையோரத்தில் சிறு தோட்டக்காரர் ஒருவரின் ரப்பர் தோப்பு இருப்பது தெரிந்தது. புளிச்சோறு கட்டிக்கொண்டு, பாயும் தே ஓவும் எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை அம்மாவைக் காடியில் ஏற்றினோம்.

“எங்கே போறோம்?”

“இலை பார்க்கம்மா.”

“உனக்குக் குளிர் தேசத்துல புத்தி கலங்கிருச்சு” என்றார்.

தோப்பு செம்பு நிறத்தில் நின்றது. காற்று வீசும்போதெல்லாம் இலைகள் சுழன்று சுழன்று இறங்கின. அம்மா முன்னால் நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால். ஒரு மரத்தண்டை நின்று வெட்டுப்பட்டையைத் தடவிப் பார்த்து, “ஆழமா வெட்டிட்டான், காயம் பட்டிருக்கு” என்றார். பிறகு அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“முப்பது வருசம் பால் வெட்டியிருக்கேன். மேலே பார்த்ததே இல்லை. மங்கைத்தான் பார்ப்பேன்” என்றார்.

சாப்பிட்டு முடித்துப் பாயைச் சுருட்டும்போது மெதுவாகக் கேட்டார், “அடுத்த வருசமும் வரலாமா?”

மேலும் மூன்று முறை போனோம். அம்மா 2021-இல் காலமானார். பிப்ரவரி பிறந்தால் நாங்கள் இருவரும் இன்றும் போகிறோம். அவர் முன்னால் நடப்பதில்லை, நானும் நடப்பதில்லை. ஒற்றையடிப் பாதையில் அம்மாவுக்கு இடம் விட்டதுபோல் சற்று ஒதுங்கியே நடக்கிறோம்.

ஆல்ப்ஸ் மலைக்கு எல்லாராலும் போக முடியாது. ஆனால் உங்கள் அம்மா ஒருநாளாவது கையில் வாளி இல்லாமல் மரத்தடியில் நடந்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், புளிச்சோறு கட்ட அதிக நேரம் ஆகாது.