கொசுறுக் குருவி

திருவேற்காட்டுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காப்புக் கேட்டு வருகிறவர்கள். கருமாரியம்மன் கோயில் வாசலில் சற்று நேரம் நின்றால் போதும். புது மோட்டார் சைக்கிளின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறவர், குழந்தையின் கையில் மந்திரித்த கயிறு கட்டுகிற தாய், எல்லாருடைய வேண்டுதலும் ஒன்றுதான்: "எனக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள், தாயே!" சூதாடி ஜெயித்த பொருளில் அடியார்களுக்குச் சோறு போட்ட மூர்க்க நாயனாரும் இந்த ஊர்க்காரர்தான். அவர் என்ன வேண்டிக்கொண்டு காயை உருட்டினாரோ, சிவனுக்கே வெளிச்சம்.

எங்கள் தெருவில் அம்மன் கோயிலுக்குப் போகாத வீடு ஒன்று உண்டு. அங்கே இருப்பவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர். தெருவுக்கே அவர் டீச்சரம்மா. அவர்களிடம் ஒரு வழக்கம். டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கிடைக்கும். அதில் அச்சிட்டிருக்கும் வேத வசனம் அந்த வருஷம் முழுவதற்கும் கடவுள் தந்த சொல் என்று நம்பிச் சுவரில் மாட்டி வைப்பார்கள். 2015ஆம் வருஷத்துக்கு டீச்சரம்மாவுக்குக் கிடைத்தது, போக்கிலும் வரத்திலும் கர்த்தர் காப்பார் என்ற கருத்துள்ள சங்கீத வசனம்.

அந்த வருஷத்து டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கூவம் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டியது என்றே நினைத்திருந்தோம். அதுவும் ஓர் ஆறு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. டீச்சரம்மாவின் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தவர். இடுப்பளவுத் தண்ணீரில் நாலு பேராக அவரை நாற்காலியோடு தூக்கி வந்து எங்கள் வீட்டு மாடியில் சேர்த்தோம். குளிர் மார்பில் இறங்கிவிட்டது. பத்தாம் நாள் போய்விட்டார்.

சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த அந்த அட்டை மட்டும் நனையவே இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்தது. சில மாதங்கள் கழித்துக் கேட்டே விட்டேன்.

"டீச்சரம்மா, அதைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரவில்லையா?"

"வராம இருக்குமா, தம்பி? ரெண்டு மாசம் அதைச் சுவர்ப்பக்கமாத் திருப்பித்தான் வச்சிருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்தக் கோவத்தை யார்கிட்டப் போய்ச் சொல்ல? அவருக்குத்தானே முழுக் கதையும் தெரியும்! தெரியாதவங்ககிட்டச் சொன்னா ஆதியிலேருந்து ஆரம்பிக்கணுமே."

இந்தப் பதில் என்னை வெகு நாள் விடவில்லை. எல்லாம் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றால் நியாயமாகப் பயமல்லவா வரவேண்டும்? 139ஆம் சங்கீதத்தைப் பாடியவருக்கும் முதலில் ஓடி ஒளிய இடம் தேடுகிற நினைப்புத்தான் வருகிறது. வானத்துக்கும் பாதாளத்துக்கும் கடலின் கோடிக்கும் மனத்தால் போய்ப் பார்த்துவிட்டு, எங்கும் அந்தக் கையே இருக்கக் கண்ட பிறகுதான் அந்தப் பயம் ஆறுதலாகிறது.

இயேசு சொன்ன குருவிக் கதையும் இப்படித்தான். சந்தையில் இரண்டு குருவி ஒரு காசு என்று மத்தேயுவின் சுவிசேஷத்தில் வருகிறது. லூக்காவிலோ ஐந்து குருவி இரண்டு காசு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாவது குருவி கொசுறு! கொத்தமல்லிக் கொத்துப் போலக் கூடையில் சும்மா விழுகிற அந்தக் குருவியும் கடவுளின் நினைவில் இருக்கிறதாம். ஆனால் குருவி கீழே விழாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. பிதாவை அறியாமல் விழாது என்பதுதான் பேச்சு. நாம்தான் அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடுகிறோம். தமிழ் வேதாகமம் இந்தப் பறவையை அடைக்கலான் குருவி என்கிறது. நம் வீட்டு உத்தரத்தில் அடைக்கலம் புகுந்து கூடு கட்டுவதால் வந்த பெயர். நம்மை நம்பி வந்த குருவி பூனை வாயில் அகப்படுவதும் உண்டு என்பதை அந்தப் பெயர் மறைக்கவில்லை.

டீச்சரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் டோனாவூரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர். அவர் பிறந்த கிராமம் அதற்குப் பக்கத்தில். ஏமி கார்மைக்கேல் என்ற ஐரிஷ் மாது 1901 முதல் அங்கே ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்தார். சிறுமியாக இருந்தபோது அவர் நீலக் கண் வேண்டிப் பிரார்த்தித்தாராம், கடவுள் கொடுக்கவில்லை. பிற்காலத்தில் புடவை கட்டித் தமிழ்ப் பெண்களோடு கலக்க அந்தப் பழுப்புக் கண்களே உதவின என்று பக்தர்கள் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு இது சுலபமான கதையாகப் படுகிறது. கடைசியில் கணக்கு நேராகிவிடுகிற கதை.

1931 அக்டோபர் 24ஆம் தேதிக் கதை அப்படியல்ல. இன்னும் நன்றாக ஊழியம் செய்ய என்ன வேண்டுமானாலும் எனக்குச் செய் என்று காலையில் ஜெபித்தார். மாலையில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் தவறான இடத்தில் வெட்டியிருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது வயது 63. 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த அறையும் படுக்கையுமே உலகம். நோயாளிக்கு ஆறுதல் சொல்லும் புத்தகங்களெல்லாம் ஆரோக்கியமானவர்கள் எழுதியவை, அவற்றால் பயனில்லை என்று அலுத்து, நோயாளியாகவே நோயாளிகளுக்கு ஒரு புத்தகம் எழுதினார். குழி ஏன் அங்கே இருந்தது என்பதற்குக் கடைசிவரை விடை வந்ததாகத் தெரியவில்லை.

தம் கல்லறைமேல் கல் நடக்கூடாது என்று சொல்லியிருந்தார். வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகளுக்காக ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்து, அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். டீச்சரம்மா சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கிறார்.

"குருவி வருமா?" என்று கேட்டேன்.

"வராம? வெயில் நேரத்தில ஒண்ணை ஒண்ணு கொத்திக்கிட்டுச் சண்டை போடும், தம்பி. தண்ணி பாதி வெளியிலதான்."