வீராவைத் தாழ்த்திய கதை

எங்கள் வீட்டில் ஒரு வீரா இருந்தது. புரோட்டோன் வீரா 1.5. மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டு 1993இல் மலேசியச் சாலைகளுக்கு வந்த கார் அது. இந்த வரலாறெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. லோரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் பழைய வண்டியாக வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் கையாலேயே கழுவித் துடைப்பார். எங்களைத் திட்டுவார், அந்தக் காரைத் திட்டி நான் கேட்டதில்லை.

2006இல் நான் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, “தைப்பிங்குக்கும் கோலாலம்பூருக்கும் பஸ்ஸுல அலையாதய்யா” என்று சாவியை என்னிடம் கொடுத்தார். விடுதி வாசலில் நின்ற மற்ற கார்களைப் பார்த்த பிறகு எனக்கு ஒரே குறை. என் வீரா உயரமாக நின்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு கை தாராளமாக நுழையும். அந்த வயதில் அது பெரிய அவமானம்.

படிப்புக் கடன் கணக்கில் சேர்ந்த வாரமே 40 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங் நான்கும், கோடு வெட்டிய முன் பிரேக் டிஸ்க் இரண்டும், புதிய பேட்களும் வாங்கிவிட்டேன். “காசு எதுக்கு? பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிடு” என்றான் ஒரு நண்பன். நல்ல வேளை, அதை மட்டும் நான் கேட்கவில்லை. வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் ஒழுங்காக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இடம் விலகவும் கூடும்.

பருவ விடுமுறையில் அப்பா ஜொகூருக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்த நாளில், வீட்டு முன்வாசலில் வேலையைத் தொடங்கினேன். தம்பி டார்ச் பிடித்தான். ஜேக்கை மட்டும் நம்பாமல் ஸ்டேண்டு வைத்துத் தாங்கினோம். ஸ்பிரிங்கை இருபுறமும் இறுக்குக் கருவியால் சமமாகச் சுருக்கிய பின்தான் அப்சோபரின் மேல் நட்டைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் சுருங்கிய இரும்பு ஆளையே அடித்துவிடும். அங்கே நான் மிகக் கவனமாக இருந்தேன்.

பிரேக் வேலை அதைவிட எளிது. கேலிப்பரைக் கழற்றி, குழாயில் பாரம் விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். பழைய டிஸ்க்கை எடுத்து, அது உட்காரும் இடத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். புது டிஸ்க்கின் மேலிருந்த எண்ணெய்ப் பூச்சைக் கழுவினேன். புதிய பேட் தடிமனாக இருக்கும் என்பதால் கேலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளினேன். எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது மாலை ஆகிவிட்டது. தள்ளி நின்று பார்த்தேன். வீரா உண்மையாகவே வீரனைப் போலத்தான் இருந்தது.

ஓட்டிப் பார்க்கும் ஆசையில் ஏறி உட்கார்ந்தேன். அம்மா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். எங்கள் வாசல் சாலையை நோக்கிச் சரியும். காரைப் பின்னால் எடுத்தேன். பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரை போனது. கார் நிற்கவில்லை.

பிஸ்டனை உள்ளே தள்ளினால் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி விழும். வண்டியை அசைப்பதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து அந்த இடைவெளியை மூட வேண்டும். நான் மறந்தது அந்த ஒன்றைத்தான். என் கை தானாக ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. அது பிரேக் எண்ணெயை நம்பாமல் கம்பியால் பின் சக்கரங்களைப் பிடிப்பது. கார் அம்மாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. “என்னடா, பயம் காட்டுறியா?” என்று அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. உண்மையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

இரண்டு நாள் கழித்து வந்த அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இருபது வருசமா லோரி ஓட்டுறேன். தெனமும் நகத்துறதுக்கு முன்னால பிரேக்க மிதிச்சுப் பார்ப்பேன். படிச்சவன் நீ, உனக்கு நான் என்ன சொல்றது?” என்றார். திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரைத் தாழ்த்தினால் சக்கரங்களின் கோணம் மாறும். ‘அலைன்மென்ட்’ பார்க்காமல் நான் ஓட்டியதில் முன் டயர்களின் உட்பக்கம் தேய்ந்தது. ஐந்தாவது மாதம் பழைய அப்சோபர் எண்ணெய் கசிந்தது. தாமானில் உள்ள ஒவ்வொரு வேகத்தடையும் வயிற்றை உரசியது.

இவையெல்லாம் காசோடு போயின. ஆனால், அந்தத் தீபாவளிக்கு எல்லோரும் ஈப்போவுக்குப் புறப்பட்டபோது, அப்பா காரில் ஏறுவதைப் பார்த்தேன். பல ஆண்டுகள் கிளட்ச் மிதித்துத் தேய்ந்த இடது முழங்கால் அவருக்கு. கூரையில் ஒரு கையையும் கதவில் ஒரு கையையும் ஊன்றி, பல்லைக் கடித்தபடி மெதுவாக உட்கார்ந்தார். நாற்பது மில்லிமீட்டர் என்பது இரண்டு விரல் அகலம்தான். அவருக்கு அது எவ்வளவு ஆழம் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி ஈப்போ நோக்கி இறங்கும் சரிவில், “கால மட்டும் நம்பாதே, கியரக் கொற” என்றார். ஓராயிரம் கிலோ எடையுள்ள கார் 90 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 312 கிலோஜூல். 110இல் அது 467 ஆகிவிடும். வேகம் கால் பங்குகூட ஏறவில்லை. ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நிறுத்தும்போது அவ்வளவும் பெரும்பாலும் டிஸ்க்கில் வெப்பமாகத்தான் இறங்க வேண்டும். நான் விரிவுரையில் படித்ததை அப்பா பள்ளமும் மேடுமாகத் தெரிந்து வைத்திருந்தார். என் கோடு வெட்டிய டிஸ்க்கும் பழையதன் அதே அளவு விட்டம்தான். கார் நன்றாக நின்றதற்குக் காரணம் கோடுகள் அல்ல. தேய்ந்துபோன பழையவற்றை மாற்றியதுதான்.

மறு வாரமே ஸ்பிரிங்குகளைத் திரும்ப மாற்ற முடிவு செய்தேன். பழையவற்றை வாசல் மூலையில் துருப்பிடிக்கப் போட்டிருந்தேன். அங்கே காணவில்லை. கடைசியில் ஸ்டோரில் கிடைத்தன. நான்கும் துடைத்து, கிரீஸ் தடவி, நாளிதழில் சுற்றி, எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று அப்பாவின் கையெழுத்தில் எழுதி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவர் என்னிடம் கேட்கவே இல்லை, காத்திருந்திருக்கிறார்.

டிஸ்க்கை மட்டும் கழற்றவில்லை. ஸ்பிரிங் மற்றவர் கண்ணுக்காக வாங்கியது. பிரேக் காருக்குள் இருப்பவர்களுக்கும் கேட்டருகே நிற்பவர்களுக்கும் உரியது.

தம்பி தங்கைகளே, வண்டியை அழகாக்குங்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் நகர்த்தும் முன் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். இன்றும் எந்தக் காரில் ஏறினாலும் என் கால் முதலில் செய்யும் வேலை அதுதான்.